பாடியைத் தாண்டிய வைக்கோல்: லோடு அகல விதியை மாற்றக் கேட்கலாமா?

வெள்ளகோவில் ஆறுவீல் எழுதியது:

வணக்கமுங்க. ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருபத்திரண்டு வருஷமாக லாரி ஓட்டுகிறேன். அதில் பதினான்கு வருஷம் சொந்த வண்டி. ஒரே வண்டிதான், ஆறு வீல், ஆர்சியில் 16.2 டன். மற்ற மாதங்களில் காங்கேயத்தில் அரிசி, கொப்பரை, புண்ணாக்கு என்று எது கிடைத்தாலும் ஏற்றுவேன். தை பிறந்தால் சித்திரை முடிய வைக்கோல்தான். மன்னார்குடி, ஒரத்தநாடு பக்கம் சம்பா அறுத்த வயலில் ஏற்றி, தஞ்சாவூர், திருச்சி, குளித்தலை, கரூர் வழியாக வந்து, வெள்ளகோவில், காங்கேயம், தாராபுரம் பக்கத் தோட்டங்களில் இறக்குவேன்.

நம்ம பக்கத்தில் மாடு வைத்திருப்பவர்களுக்கு இந்த வைக்கோலின் அருமை தெரியும். கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல் கார்த்திகை வரைக்கும் நிற்கும். மாசி வெயிலில் காய்ந்து தரையோடு போய்விடும். வசதி உள்ளவர்கள் சோளத்தட்டு போர் போட்டு வைத்திருப்பார்கள். கட்டுத்தரையில் ஒரு எருமை, இரண்டு கறவை மாடு வைத்துக்கொண்டு பால் ஊற்றிப் பிழைக்கிற குடும்பத்துக்கு, அடுத்த மழை வரைக்கும் டெல்டா வைக்கோல்தான் சோறு. நான் வண்டியைத் தோட்டத்துக்குள் திருப்பும்போதே மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தும். அந்தச் சத்தம் கேட்டுப் பழகிவிட்டது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். இந்த மாசியில் ஒரு நாள், கரூர் வருவதற்கு முன்னால் ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஒரு பிரேக் இன்ஸ்பெக்டர் கை காட்டினார். இறங்கினேன். அவர் கோபப்படவில்லை, கத்தவும் இல்லை. டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார், மறு முனையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார். பாடி 8 அடி 2 அங்குலம். வைக்கோல் 11 அடி 1 அங்குலம். டார்ச் வெளிச்சத்தில் அந்த எண்ணை என்னையே படிக்கச் சொன்னார். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 194(1ஏ) என்று ஒரு பிரிவு இருக்கிறது. லோடு பாடியின் பக்கத்தைத் தாண்டி வெளியே நீண்டால் இருபதாயிரம் ரூபாய். அதோடு, நீண்டிருப்பதைச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்கக்கூடாது, இறக்குகிற செலவும் நம்முடையது.

அந்த நடைக்கு என் வாடகை 16,000. ஃபைன் 20,000. ராத்திரியோடு ராத்திரியாக இரண்டு ஆளைப் பிடித்து 58 உருளையை ரோட்டோரம் இறக்கினேன். விடியற்காலைப் பனியில் அது நனையாமல் இருக்கத் தார்ப்பாய் போட்டு மூடி, கிளீனர் பையனைக் காவலுக்கு உட்கார வைத்தேன். காலையில் ஒரு மினி லாரி பிடித்து அதை அனுப்ப 4,500. அந்த அதிகாரி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சட்டம் சொன்னதைச் செய்தார். என் கேள்வி சட்டத்தைப் பற்றித்தான்.

எதற்காக வெளியே தள்ளி ஏற்றுகிறோம்? பேராசை என்று நினைக்காதீர்கள். கணக்கு இது. இப்போது வைக்கோல் மிஷினில் கட்டிய உருளையாக வருகிறது, ஒன்று சுமார் 20 கிலோ. பாடிக்குள் ஒழுங்காக அடுக்கினால் 160 உருளை பிடிக்கும். அதாவது 3.2 டன். என் வண்டி ஒன்பது டன்னுக்கு மேல் தாங்கும். தாங்குகிற எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் ஏறிய வண்டிக்கு அதே டீசல், அதே டோல், அதே டிரைவர் பேட்டா. பாடிக்குக் குறுக்கே மூங்கில் போட்டு இரண்டு பக்கமும் ஒன்றரை அடி தள்ளி அடுக்கினால் 220 உருளை. எடை அப்போதும் 4.4 டன்தான். வாடகையைப் பங்கு போட்டால் 220-க்கு உருளைக்கு 73 ரூபாய் விழும், 160-க்கு 100 ரூபாய். அந்த 27 ரூபாயை நான் தாங்க முடியாது, மாட்டுக்காரர் தலையில்தான் போய் விழும்.

இனி விதிக்கு வருகிறேன். மத்திய மோட்டார் வாகன விதி 93-இல் வண்டியின் அகலம் 2.6 மீட்டர், அதாவது எட்டரை அடி. 2018 ஜூலையில் அச்சு எடை வரம்பை ஏற்றினார்கள். இரண்டு அச்சு வண்டிக்கு 16.2 டன்னாக இருந்தது 18.5 ஆனது, மூன்று அச்சுக்கு 25 டன் 28.5 ஆனது. 2020 ஜூனில் நீளத்தையும் உயரத்தையும் திருத்தினார்கள். அகலம் மட்டும் அதே 2.6. இரும்பு ஏற்றுகிறவர்களுக்கு வழி பிறந்தது, கன்டெய்னர்காரர்களுக்கு வழி பிறந்தது. வைக்கோல், தேங்காய் நார், பஞ்சுக் கழிவு என்று எடையில்லாமல் இடத்தை அடைக்கிற லோடு ஏற்றுகிறவர்களுக்கு ஒன்றும் இல்லை.

பர்மிட் வாங்கலாமே என்று ஒருவர் சொன்னார். ஓ.டி.சி. பர்மிட், அதாவது அளவு மீறிய லோடுக்கான அனுமதி, காற்றாலை இறக்கைக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் உள்ளது. ஒரு லோடு, ஒரு வழி, ஒரு தேதி என்று படம் வரைந்து கொடுத்து வாங்குவது. வைக்கோலுக்கு அந்த வழி எப்படிச் சரிப்படும்? மன்னார்குடியிலிருந்து போன் வந்த அன்றைக்கே கிளம்ப வேண்டும், மறுநாள் மழை பிடித்தால் வைக்கோல் கறுத்துவிடும்.

ஆகவே சட்டத்துக்குத் தெரிந்தது இரண்டே வகை. பாடிக்குள் அடங்கிய லோடு, அல்லது பிரம்மாண்டமான லோடு. நடுவில் ஒரு அடி, ஒன்றரை அடி தாண்டுகிற நாங்கள் எதிலும் சேர்த்தி இல்லை. அதனால் எல்லோரும் ராத்திரியில் ஓட்டுகிறோம். பகலில் ஓட்டினால் கேஸ், ராத்திரியில் ஓட்டினால் பாதி நாள் தப்பிக்கலாம். இருட்டில் ஓட்டத் தூண்டுகிற விதி நல்ல விதியா?

எடை குறைந்த தீவன லோடுக்கு, அறுவடைப் பருவத்தில், 11 அடி அகலம் வரைக்கும் அனுமதி தரச் சொல்லி மனு கொடுக்கலாம் என்று எங்கள் பக்கத்து வண்டிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் பேசிக்கொண்டிருக்கிறோம். நியாயமா, இல்லையா? ஒளிக்காமல் சொல்லுங்கள்.


பல்லடம் புல்லர் எழுதியது:

அண்ணா, நான் அந்த காற்றாலை லோடுதான் இழுக்கிறேன், ஒன்பது வருஷமாக. நீங்கள் சொன்னதில் பாதி சரி.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இருக்கிற வரைக்கும் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் எங்களுக்கு வேலை இருக்கும். 120 மீட்டர் வட்டம் சுற்றுகிற மிஷினுக்கு ஒரு இறக்கை கிட்டத்தட்ட 59 மீட்டர் நீளம். டவர் துண்டின் அடிப்பகுதி விட்டம் 4 மீட்டரைத் தாண்டும், உங்கள் வைக்கோலைவிட அகலம். ஆனாலும் நாங்கள் போகும்போது எதிரே வருகிறவர் ஒதுங்கிவிடுவார். காரணம், முன்னால் பைலட் ஜீப் கொடியோடு போகிறது, பின்னால் ஒன்று விளக்குப் போட்டு வருகிறது. லோடின் நாலு மூலையிலும் சிவப்புத் துணியும் விளக்கும் இருக்கும். தாழ்வான கரண்ட் லைன் வந்தால் ஆள் இறங்கி, லைனை நிறுத்தச் சொல்லி, கழியால் தூக்கிப் பிடித்து, அப்புறம்தான் வண்டி நகரும். ஊர்ந்துதான் போவோம்.

பர்மிட் என்பது வெறும் காகிதம் என்று நினைக்காதீர்கள். எந்தப் பாலத்தில் ஏறலாம், எந்தப் பாலத்தைச் சுற்றிப் போக வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் முடிவாகும். தேசிய நெடுஞ்சாலைக்கு ஆன்லைனில் ஒரு அனுமதி, மாநிலச் சாலையில் இறங்கினால் வேறு அனுமதி. தோட்டம் வரைக்கும் போகிற கடைசி ஆறு கிலோமீட்டர்தான் எங்களுக்கு எப்போதும் தலைவலி.

ஒரு விஷயம் கவனித்திருப்பீர்கள். டோல்கேட்டில் ‘ஓவர்சைஸ்’ என்று எழுதியிருப்பது ஏழு அச்சோ அதற்கு மேலோ உள்ள வண்டியை. அகலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அகலமான லோடைக் கணக்கில் எடுத்த இடம் நம்ம ஊர் ரோட்டில் ரொம்பக் குறைவு, கடைசி லேன் ஒன்றைத் தவிர.

உங்களுக்கு நடுவில் ஒரு வகை வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். 11 அடி என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பைலட் வண்டி இல்லாமல் 11 அடி லோடை நானே ஓட்டத் துணிய மாட்டேன்.


முத்தூர் அம்மணி எழுதியது:

அண்ணா, நீங்கள் நல்ல மனிதர் என்று எழுத்திலேயே தெரிகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன், இல்லையென்றால் படித்துவிட்டுப் போயிருப்பேன்.

நான் காங்கேயத்தில் ஒரு எண்ணெய் மில்லில் கணக்கு எழுதுகிறேன். ஸ்கூட்டியில் போய்வருவேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், மாசி மாதம்தான், வேலை முடிந்து வர ஏழரை ஆகிவிட்டது. எதிரே ஒரு லாரி வந்தது. இரண்டு ஹெட்லைட் தெரிந்தது. அந்த வெளிச்சத்தை வைத்து வண்டி எவ்வளவு அகலம் என்று கண்ணே ஒரு கணக்குப் போடும் இல்லையா? அந்தக் கணக்குப்படி நான் நன்றாக ஒதுங்கித்தான் போனேன். வெளிச்சம் என்னைத் தாண்டிய அடுத்த நொடி ஏதோ தோளில் அடித்தது. வைக்கோல். அதில் தொங்கிய கயிற்று முனை கண்ணாடியில் மாட்டி வண்டியை இழுத்தது. கண் விழித்தபோது வேலியோரப் பள்ளத்தில் கிடந்தேன், வாயெல்லாம் தூசி. கழுத்தெலும்பு முறிந்து இரண்டு மாதம் வீட்டில் இருந்தேன். லாரி நிற்கவில்லை. அந்த டிரைவருக்குத் தெரிந்தே இருக்காது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

விளக்கு இருப்பது எட்டடியில், வைக்கோல் இருப்பது பதினோரு அடியில். நடுவில் இருக்கிற அந்த ஒன்றரை அடி இருட்டில்தான் நாங்கள் போகிறோம். பின்னால் வந்தாலும் இதே கதை. சரிந்து தொங்குகிற வைக்கோல் பின் விளக்கை மூடிவிடுகிறது. ஒரு வைக்கோல் போர் ரோட்டில் நடந்து போகிற மாதிரி இருக்கும், கிட்டே போனால்தான் லாரி என்று தெரியும்.

எங்கள் வீட்டிலும் இரண்டு மாடு இருக்கிறது. உருளைக்கு 27 ரூபாய் எவ்வளவு பெரியது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் அண்ணா, அந்த 27 ரூபாயை மிச்சம் பிடிக்கிற இடம் என் தோளாக இருக்கக்கூடாது. ஒரு நாள் ராத்திரி உங்கள் வண்டிக்கு எதிரில் ஒரு டூ வீலரில் வந்து பாருங்கள். அப்புறம் 11 அடி கேளுங்கள்.


வெள்ளகோவில் ஆறுவீல் எழுதியது:

தங்கச்சி, படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை. நின்று பார்க்காமல் போன அந்த வண்டிக்காக எங்கள் தொழில்காரர்கள் எல்லோர் சார்பிலும் மன்னிப்புக் கேட்கிறேன். தோள் இப்போது பரவாயில்லையா?

நீங்கள் சொன்னபடியே செய்து பார்த்தேன். நேற்று ஒரு லோடு வந்து தோட்டத்தில் நின்றது, காலையில்தான் இறக்குவதாக இருந்தது. வெளியே தள்ளி ஏற்றிய லோடுதான், பொய் சொல்ல மாட்டேன். ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்காரியை வண்டியில் ஏற்றி ஹெட்லைட்டைப் போடச் சொன்னேன். தம்பியின் டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு வண்டிப்பாதையில் இருநூறு அடி தள்ளிப் போய்த் திரும்பி வந்தேன். ஹெட்லைட்டைப் பார்த்துக்கொண்டே வந்தால் அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, கறுப்பாக இருக்கிறது. வைக்கோல் மஞ்சளாக இருக்கிறதே, கொஞ்சமாவது தெரியும் என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். தெரியவில்லை. பதினைந்தடி கிட்டே வந்த பிறகுதான், தலைக்கு நேராக ஒரு சுவர் மாதிரி நிற்கிறது. வண்டி நின்றுகொண்டிருந்தும் நான் பிரேக் போட்டேன்.

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். இடது பக்க விளக்கு மேல் நாலு விரல் கனத்துக்கு வைக்கோல் தொங்குகிறது. இண்டிகேட்டர் எரிவது எனக்கே தெரியவில்லை. காலையில் ஏற்றும்போது சரியாகத்தான் இருந்தது, வழியில் சரிந்திருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் சீட்டில் உட்கார்ந்தே ரோட்டைப் பார்த்திருக்கிறேன். சீட்டிலிருந்து பார்த்தால் என் வண்டி எனக்குத் தெரியாது.

அப்புறம் தாளை எடுத்து ஒரு கணக்குப் போட்டேன். இருவழிச் சாலை என்றால் தார் ஏழு மீட்டர். 2.6 மீட்டரில் இரண்டு லாரி எதிரெதிரே வந்தால் மிச்சம் 1.8 மீட்டர். என் 11 அடி 1 அங்குலம் என்பது 3.38 மீட்டர். என்னைப் போலவே ஒருவர் எதிரே வைக்கோலோடு வந்தால் மிச்சம் 24 சென்டிமீட்டர், ஒரு சாண். கரூர் ரோட்டில் அப்படி எத்தனை தடவை கடந்திருக்கிறேன் என்று நினைத்தால் இப்போது வயிறு கலங்குகிறது. முத்தூர் மாதிரி ஊர்களுக்குள் போகிற ஐந்தரை மீட்டர் ரோட்டில் அந்த ஒரு சாணும் இல்லை.

11 அடி என்று கேட்டதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் கேள்வியை விட மாட்டேன். மாட்டுக்குத் தீவனம் வந்தாக வேண்டும். விதி இப்படியே இருந்தால் இருட்டில் ஓடுகிற வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஃபைன் கட்டினவனும் அடுத்த வாரம் ஓட்டுவான். பகலுக்கு வரவைக்கிற மாதிரி ஒரு விதி இருக்க வேண்டாமா?


நாமக்கல் பாடிகட்டு எழுதியது:

பாடி கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு நுணுக்கம் சொல்கிறேன், உங்கள் மனுவுக்குப் பயன்படும்.

வைக்கோல் லோடு ஏற்றிய இடத்தில் அளந்த அகலமும் இறக்குகிற இடத்தில் அளந்த அகலமும் ஒன்றாக இருக்காது. குலுங்கக் குலுங்க நடுவில் புடைக்கும். மன்னார்குடியில் எட்டரை அடிக்கு ஏற்றியது கரூர் வருவதற்குள் ஒன்பதைத் தாண்டியதை நானே அளந்திருக்கிறேன். அதனால் உண்மையாகப் பாடிக்குள் ஏற்றினவரும் மாட்டுகிறார். வேண்டுமென்றே மூங்கில் போட்டு அகலப்படுத்தினவரும் அதே இருபதாயிரம் கட்டுகிறார். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கிற அளவு விதியில் வேண்டும். புடைப்புக்கு இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு அடி, ஒன்றேகால் அடி விட்டுக்கொடுத்தால் தப்பில்லை. மொத்தம் 3 மீட்டர், அதாவது பத்தடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. அதற்கு மேல் ஒரு விரல்கூடக் கூடாது.

வண்டியின் 2.6 மீட்டரில் கை வைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். அமெரிக்காவிலும் 102 அங்குலம்தான், நம்ம அளவேதான். ஐரோப்பாவில் 2.55, குளிர்பதன வண்டிக்கு மட்டும் 2.6. லேன் என்பது 3.5 மீட்டர் என்று வைத்து ரோடு போட்டிருக்கிறார்கள், வண்டி அகலத்தை ஏற்றினால் ரோட்டையும் சேர்த்து ஏற்ற வேண்டும். லோடுக்குத் தனிச் சலுகை கேட்பது வேறு. அமெரிக்காவிலேயே பல மாநிலங்களில் வைக்கோல் லோடுக்கு மட்டும் அகலத்தில் சலுகை இருக்கிறது.

விளக்கு விஷயம் கஷ்டமே இல்லை. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று மடக்குக் கை ஒன்று வைத்துத் தரலாம். ஒரு அங்குலப் பைப், முனையில் எல்இடி மார்க்கர், ஒளிரும் பட்டை. லோடு இருந்தால் வெளியே நீட்டிக்கொள்ளலாம், இல்லையென்றால் மடித்துவிடலாம். கை நீளமே 3 மீட்டருக்கு மேல் போகாத மாதிரி கட்டினால், வைக்கோல் அதைத் தாண்டியிருந்தால் பார்த்த உடனே தெரிந்துவிடும். டேப்பே வேண்டாம். பின் விளக்கு மேல் சரியாமல் இருக்க ஒரு கம்பி வலைத் தட்டு.


சத்தி மலைப்பாதை எழுதியது:

ஒரே வரி. எந்த அனுமதி கேட்டாலும் வழி குறிப்பிட்டுக் கேளுங்கள். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு. அங்கே ஒரு வண்டி கொஞ்சம் அகலமாகப் போய் வளைவில் நின்றால் மேலேயும் கீழேயும் மணிக்கணக்கில் வரிசை. 2022 பிப்ரவரியிலிருந்து ராத்திரியில் அங்கே போக்குவரத்துத் தடை, 16.2 டன்னுக்கு மேற்பட்ட லாரிக்கும் தடை வந்தது, எல்லாம் கோர்ட் உத்தரவால். கரும்பு லாரிக்காரர்கள் அளவுக்கு மேல் உயரமாக அடுக்கி, சிந்துகிற கரும்புக்காக யானை ரோட்டோரம் காத்து நிற்கப் பழகியதையும் பார்த்தோம். டெல்டா ரோட்டுக்குப் பொருந்துவது இங்கே பொருந்தாது. மலைப்பாதையை உங்கள் மனுவிலேயே விலக்கிவிடுங்கள்.


சங்ககிரி புக்கிங் எழுதியது:

புக்கிங் ஆபீசில் இருபது வருஷமாகக் காகிதம் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் எல்லோரும் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்கிற மாதிரியே பேசுகிறீர்கள். 194(1ஏ)-வைக் கடைசி வரைக்கும் படித்துப் பாருங்கள். அதற்குக் கீழேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. மாநில அரசோ மத்திய அரசோ அதிகாரம் கொடுத்த அதிகாரி, குறிப்பிட்ட ஒரு லோடை ஏற்றிச் செல்ல விலக்கு அளித்திருந்தால், அந்த வண்டிக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. ஆகவே டெல்லி வரைக்கும் போக வேண்டியதில்லை. தீவன லோடுக்கு விலக்கு கொடுக்க யாருக்கு அதிகாரம், என்ன நிபந்தனை என்பதை மாநில அரசு ஒரு ஆணையில் தெளிவாகச் சொன்னால் போதும். மனுவைப் போக்குவரத்துத் துறைக்கு எழுதுங்கள். கால்நடைத் துறைக்கு ஒரு நகல் வையுங்கள். தீவனப் பிரச்சினை என்றால் அவர்களும் பேசுவார்கள்.


வெள்ளகோவில் ஆறுவீல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அந்த விதிவிலக்கை இன்றைக்குத்தான் நானும் படித்தேன். இருபதாயிரம் கட்டின ரசீதுக்குப் பின்னால் எழுதி வைத்துக்கொண்டேன்.

நேற்று ராத்திரி நாங்கள் ஏழு பேரும் வெள்ளகோவிலில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து மனுவைத் திருப்பி எழுதினோம். ஒரு மணி நேரம் சண்டைதான். இரண்டு பேர் இன்னும் 11 அடி வேண்டும் என்கிறார்கள். தங்கச்சி எழுதியதை அவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். ஒருவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்த் தன் வண்டியின் பின் விளக்கைத் துடைத்துவிட்டு வந்தார். மற்றவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, கட்டாயப்படுத்தவும் இல்லை.

மனுவில் கேட்டிருப்பது இவ்வளவுதான். மிஷினில் கட்டிய வைக்கோலுக்கு மட்டும், உதிரி வைக்கோலுக்கு இல்லை. அகலம் 3 மீட்டருக்குள். சூரியன் உதித்ததிலிருந்து மறைகிற வரைக்கும் மட்டும், மறைந்தால் வண்டி நிற்க வேண்டும். நாமக்கல் அண்ணன் சொன்ன மடக்குக் கை விளக்கும் பட்டையும் நாலு மூலையிலும் கட்டாயம். தை முதல் சித்திரை வரைக்கும், குறிப்பிட்ட வழியில், மலைப்பாதை நீங்கலாக. ஒவ்வொரு நடைக்கும் மனு எழுதாமல் பருவத்துக்கு ஒரே அனுமதி, கண்ணாடியில் ஒட்டுகிற மாதிரி. ராத்திரியில் பிடிபட்டாலோ 3 மீட்டரைத் தாண்டினாலோ இருபதாயிரம் அப்படியே இருக்கட்டும், அந்தப் பருவம் முழுவதும் அனுமதியும் ரத்து. இந்தக் கடைசி வரியைச் சேர்க்கத்தான் ரொம்ப நேரம் ஆனது. சேர்த்துவிட்டோம்.

3 மீட்டர் கிடைத்தால் 190 உருளை வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன், உருளைக்கு 84 ரூபாய். 73 இல்லை, சரி. 100-ம் இல்லை.

அனுமதி வருகிற வரைக்கும் என்ன செய்வது என்று வீட்டில் கேட்டார்கள். வியாழக்கிழமை ஒரத்தநாடு போகிறேன். மூங்கில் எடுத்துப் போகவில்லை. 160 உருளை மட்டும் ஏற்றி, காலை ஆறு மணிக்குக் கிளம்பி வெளிச்சத்தோடு வந்து சேருகிறேன். இறக்கப் போகிற தோட்டத்துக்காரரிடம் வாடகை உருளைக்கு 100 ஆகும் என்று முன்கூட்டியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், பாதி மாட்டுக்கு வாங்கிக்கொள்கிறேன், மீதிக்குச் சோளத்தட்டு பார்க்கிறேன் என்றார். அதுதான் மனசைப் பிசைகிறது, அதனால்தான் இந்த மனு சீக்கிரம் போக வேண்டும்.

நாமக்கல் அண்ணா, நாலு மடக்குக் கைக்கு என்ன ஆகும் என்று சொல்லுங்கள். அனுமதி வந்தாலும் வராவிட்டாலும் என் வண்டிக்குப் போட்டுவிடுகிறேன். முத்தூர் தங்கச்சி, மனுவின் இரண்டாவது பத்தியில் இருட்டில் வைக்கோல் தெரியாததைப் பற்றி எழுதியிருக்கிறோம். எதிரே வருகிறவருக்குத் தெரிகிறபடி சரியாக எழுதியிருக்கிறோமா என்று படித்துப் பார்த்துத் திருத்திக் கொடுங்கள். நாங்கள் ஏழு பேரும் சீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள்தான்.